கொழும்பில் பழைய பயண நூல்களின் மறுபதிப்புகளைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

இலங்கைக்கு வந்துபோன மாலுமிகள், சிறைப்பட்டவர்கள், பாதிரிமார், படை வைத்தியர்கள், வேட்டைக்காரர்கள் எழுதிவைத்த பழைய நூல்கள் நிறைய உண்டு. அவற்றின் மூலப் பிரதிகள் இன்று ஏலக் கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் மட்டுமே கிடைக்கும். ஆனால் மறுபதிப்புகள் கொழும்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் ஒருவர் பஸ் ஏறிப் போய் அரைநாளில் நல்ல தொடக்கம் ஒன்றைப் பெறலாம். எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் பலர் முதல் நூலோடே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள்

"இலங்கை பற்றிய பழைய நூல் ஏதாவது இருக்கிறதா?" என்று கடையில் கேட்டால் உங்கள் முன் ஒரு குவியல் வந்து விழும். அதில் எதை எடுப்பது என்று புரியாது. அதைவிட, பெயரைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயாத ஒரு மனிதரைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம் அவரைப் பற்றி எழுதியவர்களைத் தேடிப் போங்கள். நூல்கள் தாமாகவே ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

ஆட்களுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயர் கொடுங்கோலன் என்றார்கள். நம்மவர்களோ நல்லூரில் சிலை வைத்திருக்கிறோம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இருக்கிறார். 1848ஆம் ஆண்டுக் கலகத்தின்போது காலனிச் செயலாளராக இருந்து, லண்டன் பாராளுமன்ற விசாரணைக்குப் பிறகு பதவியை இழந்த ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட் 1859இல் இலங்கை பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அவரையும் எடுக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை. கண்ணுச்சாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்து இளைஞன். 1798இல் அரியணை ஏறி, 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டு, கொழும்பில் காவலில் இருந்து, 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு, 1832இல் வேலூரில் இறந்தான். அவனைப் பற்றிய முக்கிய நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன, அதிகத் தடிப்பும் இல்லை.

எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள்

இதில்தான் புதியவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மறுபதிப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, பழைய பக்கத்தை அப்படியே படம் பிடித்து அச்சிட்டது. புது தில்லியின் ஏசியன் எடுகேஷனல் சர்வீசஸ் இந்த வகையில் நிறைய வெளியிட்டிருக்கிறது. மூலத்தின் பக்க எண் மாறாது என்பது இதன் பெரிய நன்மை. யாராவது "212ஆம் பக்கம்" என்று எழுதியிருந்தால் உங்கள் பிரதியிலும் அது 212ஆம் பக்கமாகவே இருக்கும். குறை, படங்களில். மடித்து வைத்த பெரிய வரைபடங்கள் சுருங்கிப்போய் ஊர்ப் பெயர்கள் வாசிக்க முடியாமல் இருக்கும். வாங்குமுன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 1800க்கு முந்தைய நூல் என்றால் ஆங்கிலத்தின் எஸ் எழுத்து எஃப் போல நீண்டு நிற்கும். இரண்டு நாள் படித்தால் கண் பழகிவிடும், அதற்குப் பயந்து நூலை வைத்துவிட வேண்டாம்.

இரண்டாவது வகை, புதிதாக எழுத்துக் கோத்து, ஒரு பதிப்பாசிரியர் முன்னுரையும் அடிக்குறிப்பும் எழுதிய பதிப்பு. தெகிவளையின் திசர பிரகாசகயோ என்ற பதிப்பகம் இந்த நாட்டுக்குச் செய்த பெரிய சேவை இதுதான். நொக்ஸ், டெனண்ட், கண்டி மன்னனைப் பற்றி எழுதிய டேவி, மார்ஷல் எல்லோரையும் அவர்கள் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய புத்தகக் கடையில் திசர பதிப்பு ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மூன்றாவது வகையிடம் கவனமாக இருங்கள். கேட்கும்போது ஒரு பிரதி அச்சிட்டுத் தருகிற வெளிநாட்டு நிறுவனங்கள் பல, பழைய பக்கங்களைக் கணினியைக் கொண்டு வாசிக்க வைத்து, பிழை திருத்தாமலே அச்சடிக்கின்றன. அட்டை பளபளப்பாக இருக்கும். உள்ளே அடிக்குறிப்பு வசனத்தின் நடுவில் வந்து குந்தியிருக்கும், அட்டவணை இருக்காது, படம் இருக்காது. நடுவில் மூன்று பக்கங்களைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஆண்டையும் பாருங்கள். அட்டையில் உள்ள ஆண்டு பெரும்பாலும் மறுபதிப்பின் ஆண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதற்பதிப்பு எப்போது, எங்கே வந்தது என்று இருக்கும். அது இல்லாத நூலை நான் வாங்குவதில்லை.

மூலம் ஆங்கிலம் அல்லாத நூல் என்றால், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வந்தது என்றும் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயக் கப்டன் ஜொவாவோ ரிபெய்ரோ இலங்கை பற்றிய தன் நூலை 1685இல் எழுதி முடித்தார். 1701இல் லெ கிரான் என்ற பாதிரியார் அதைப் பிரெஞ்சில் வெளியிட்டார், தன் சேர்க்கைகளோடு. அந்தப் பிரெஞ்சிலிருந்து 1847இல் ஜோர்ஜ் லீ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். போர்த்துக்கேய மூலம் 1836இல்தான் லிஸ்பனில் அச்சேறியது. அதிலிருந்து நேரே மொழிபெயர்த்தவர் பி. ஈ. பீரிஸ், 1909இல். ஆகவே ரிபெய்ரோ என்று கேட்டு லீயின் நூலை வாங்கினால் இரண்டு கை மாறிய நூலைத்தான் படிக்கிறீர்கள். பீரிஸைக் கேட்டு வாங்குங்கள்.

பதிப்பு மாறினால் ஆளே மாறிவிடுவதும் உண்டு. நொக்ஸின் நூல் முதலில் 1681இல் லண்டனில், விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கின் முன்னுரையோடு வந்தது. அதை மட்டும் படித்தால் பக்தியும் பொறுமையும் உள்ள ஒரு கைதியைத்தான் காண்பீர்கள். 1911இல் ஜேம்ஸ் ரயன் கொண்டுவந்த பதிப்பில் நொக்ஸ் தானே எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளும் சேர்ந்துள்ளன. பத்தொன்பது வருடம் சுதந்திரத்துக்கு ஏங்கிய அதே மனிதர் பின்னர் மடகஸ்கருக்கு அடிமைகள் வாங்கக் கப்பலோட்டினார் என்பதை அங்கேதான் அறிவீர்கள். நொக்ஸை வாங்கினால் அந்தக் குறிப்புகள் அடங்கிய பதிப்பையே வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கொழும்பில் எங்கே போவது

பணம் செலவழிக்குமுன் நூலகத்துக்குப் போங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகில் உள்ள கொழும்புப் பொது நூலகத்தில் இலங்கை வரலாற்று நூல்களை உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே அரைநாள் செலவழித்தால் எந்த நூல் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தின் நூலகம் அதைவிட ஆழமானது. தேசிய அடையாள அட்டையைக் கொண்டு போங்கள், என்ன நூல் வேண்டும், எதற்கு வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழைய பிரதிகளைத் தொடும் இடங்களில் பேனாவை வெளியே எடுக்காமல் பென்சிலால் குறிப்பெடுப்பதுதான் முறை.

1845இல் தொடங்கிய ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையை இந்தத் துறைக்கு வருகிற எவரும் தவிர்க்க முடியாது. பல பயணக் குறிப்புகள் முதன்முதலில் அச்சானது அதில்தான். டொனால்ட் பெர்குசன் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களான பாரோஸ், கூத்தோ இருவரின் இலங்கைப் பகுதிகளை மொழிபெயர்த்ததும் அங்கேதான் வந்தது. சங்கத்தின் நூலகம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், மகாவலி நிலையக் கட்டிடத்தில் இருக்கிறது.

தமிழில் உள்ளவற்றுக்கு வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். வீட்டில் இருந்தபடியே என்றால் 'நூலகம்' இணையத்தளம். ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். நொக்ஸும் டெனண்டும் ப்ரொஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணையத்தளத்தில் இலவசம். முதலில் அங்கே இருபது பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் அச்சுப் பிரதியைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு, மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளைச் சொல்வேன். பாடப் புத்தகங்களுக்கு நடுவில் திடீரென்று ஒரு திசர பதிப்பு தலை காட்டும். நூலின் பெயரை ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், உடனே இல்லாவிட்டாலும் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு வந்ததும் கூப்பிடும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். விலை பேசலாம், பேசுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. தமிழ் நூல்களுக்குப் புறக்கோட்டையில் செட்டியார் தெருப் பூபாலசிங்கம் புத்தகசாலை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு விடுமுறை நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் நூலைத் திறந்துகூடப் பார்க்க முடியாது.

இனி மன்னனிடம் வருவோம்

நான்கு நூல்களை இந்த ஒழுங்கில் அடுக்குங்கள்.

1815இலேயே லண்டனில் ஒரு சிறு நூல் வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல், அந்த இடத்தில் இருந்த ஒரு கனவான் எழுதியது என்று மட்டும் போட்டு. அடுத்தது, ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட 'ஆன் அக்கவுண்ட் ஒஃப் த இன்டீரியர் ஒஃப் சிலோன்'. இவர் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி, படை வைத்தியர். மூன்றாவது, இன்னொரு படை வைத்தியரான ஹென்றி மார்ஷல் 1846இல் எழுதியது. நான்காவது, ஜோன் டொய்லியின் நாட்குறிப்பு. கண்டிப் பிரதானிகளோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்த ஆங்கில அதிகாரி அவர். நாட்குறிப்பு அச்சானது 1917இல்தான்.

ஒவ்வொரு நூலைத் திறக்கும்போதும் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இவர் இலங்கையில் எப்போது இருந்தார்? இந்த மன்னனைக் கண்ணால் கண்டாரா? எழுதும்போது யாரிடம் சம்பளம் வாங்கினார்?

டேவி 1816 ஓகஸ்டில் வந்தார். மன்னன் அந்த வருடம் ஜனவரியிலேயே கப்பலேறிவிட்டான். ஆகவே மன்னனின் ஆட்சியைப் பற்றி டேவி எழுதிய ஒவ்வொரு வரியும் பிறர் சொல்லக் கேட்டது. மன்னனுக்கு எதிராக ஆங்கிலேயரோடு சேர்ந்த பிரதானி எஹலேபொலவின் மனைவி மக்கள் 1814இல் கொல்லப்பட்டதை அவர் விவரிக்கும் பகுதி மனதை உலுக்கும். அதைப் படித்தவர் எவரும் மறக்க மாட்டார். பின்னாளில் வந்த எத்தனையோ எழுத்துகளுக்கு அதுதான் ஊற்று. அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதை இவருக்குச் சொன்னது யார்?" என்று எழுதிவையுங்கள். மன்னனைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு சேர்ந்த பிரதானிகள்தான் அந்த நாட்களில் ஆங்கிலேயருக்குத் தகவல் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள். அதற்காக அந்தக் கொலை நடக்கவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சாட்சி யார் பக்கம் நின்றவர் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கிறோம், அவ்வளவுதான்.

மார்ஷல் வேறு ஆள். 1808 முதல் தீவில் இருந்தவர். எழுதியதோ முப்பது வருடம் கழித்து, உத்தியோகத்தின் அழுத்தம் எல்லாம் விட்டுப்போன பிறகு. ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த விதத்தைப் பற்றி அவர் கடுமையாகப் பேசுகிறார். டேவியில் ஒரு சம்பவத்தைப் படித்ததும் அதே சம்பவத்தை மார்ஷலில் தேடுங்கள். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுபோல ஒரு பயிற்சி வேறில்லை, நான் இதை யாருக்கும் மனதாரச் சொல்வேன்.

டொய்லியை முழுவதும் வரிசையாகப் படிக்க முயலாதீர்கள், களைத்துப்போவீர்கள். 1814, 1815 ஆண்டுகளின் பதிவுகளை மட்டும் எடுங்கள். யார் எப்போது தூது அனுப்பினார், என்ன கேட்டார் என்று அன்றன்றே எழுதியது. மற்ற மூவரும் கதையாகச் சொன்னது இங்கே சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கிறது.

பிறகு ஒருநாள் கோட்டைக்குப் போங்கள். ஜனாதிபதி மாவத்தையில் சிலிங்கோ கட்டிடத்தை ஒட்டி ஒரு சிறு அறை இருக்கிறது, மன்னன் சிறை வைக்கப்பட்ட இடம் என்று காட்டுவார்கள். அதற்குள் ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுப்பதே சிரமம். மார்ஷலோ, மன்னனுக்குக் கொழும்பில் கொடுத்தது விசாலமான, நன்றாக ஒழுங்குசெய்த வீடு என்றும், அதைக் கண்டு அவன் நன்றி சொன்னான் என்றும் எழுதுகிறார். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நூலில் படித்ததை நடந்துபோய்ச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கொழும்புக்காரருக்கு இருக்கிறது. மன்னனோடு சென்னைவரை கப்பலில் போன வில்லியம் கிரான்வில் எழுதிய குறிப்பும் உண்டு, 'சிலோன் லிட்டரரி ரெஜிஸ்டர்' பழைய இதழ்களில் தேடுங்கள்.

இத்தனையும் முடிந்தபின் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட 'த டூம்ட் கிங்'. ஆங்கிலேயப் பிரசாரம் இந்த மன்னனின் பெயரை என்ன செய்தது என்று ஆராய்கிற நூல். இதை முதலில் படிக்காதீர்கள் என்பது என் அழுத்தமான ஆலோசனை. மூலங்களைப் படித்து உங்களுக்கென்று ஒரு அபிப்பிராயம் வந்த பிறகு படித்தால்தான் அவர் எங்கே பலமாக நிற்கிறார், எங்கே உங்களுக்கு அவரோடு உடன்பாடில்லை என்று தெரியும்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியவை

ஒல்லாந்தர், ஆங்கிலேயர் நூல்களில் 'மலபார்' என்று வந்தால் பெரும்பாலும் தமிழர்களைத்தான் சொல்கிறார்கள், கேரளத்தவரை இல்லை. கண்டியின் நாயக்க மன்னர்களையும் அப்படியே அழைத்தார்கள். நூலின் அட்டவணையில் தமிழர் என்று தேடி எதுவும் கிடைக்கவில்லையே என்று மூடிவிடாமல் 'மலபார்' என்ற இடத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான், உரக்க வாசித்தால் பாதி புரிந்துவிடும்.

யாழ்ப்பாண வரலாற்றைப் படிக்க வருகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். போர்த்துக்கேயர் பக்கத்துக்கு பெர்னாவோ டி குவெய்ரோஸ். 1688இல் கோவாவில் இறந்த யேசு சபைப் பாதிரியார், அவருடைய பெருநூல் கொழும்பில் 1916இல் அச்சாகி, எஸ். ஜி. பெரேரா பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் 1930இல் ஆங்கிலத்தில் வந்தது. நம்முடைய பக்கத்துக்கு மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் காலத்தில் ஒரு ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதியது. சங்கிலியைப் பற்றிய பகுதியை இரண்டிலும் படியுங்கள். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற சங்கிலியும் 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்ட சங்கிலியும் வேறு வேறு ஆட்கள். வைபவமாலை அவர்களை ஒருவராகக் கலந்துவிடுகிறது. குவெய்ரோஸ் காலத்தைச் சரியாகச் சொல்கிறார், ஆனால் மதம் பரப்ப வந்தவரின் கண்ணால் சொல்கிறார். முதலியார் இராசநாயகத்தின் 'ஏன்ஷியன்ட் ஜஃப்னா' 1926இல் வந்தது, மறுபதிப்பு கிடைக்கிறது. உழைப்பு பெரிது, ஊகமும் நிறைய. சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிலிப்பு பால்டேயஸ் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பணிசெய்த ஒல்லாந்தப் பாதிரியார், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த அவருடைய நூலின் யாழ்ப்பாணக் கோவிற்பற்றுப் படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். கண்ணால் கண்ட தேவாலயங்களையும் பள்ளிகளையும் பற்றி அவர் சொல்வது பொன். இந்து சமயத்தைப் பற்றி அதே நூலில் எழுதியதில் பெரும்பகுதி ஜக்கொபோ பெனிசியோ என்ற யேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து, பெயர் சொல்லாமல் எடுத்தது. 1933இல் யார்ல் ஷார்பென்டியர் பெனிசியோவின் மூலத்தை அச்சிட்டபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே பால்டேயஸைப் பகுதி பகுதியாக நம்புங்கள்.

நூல்களை வைத்திருப்பது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று அட்டையையும் தையலையும் சீக்கிரம் கெடுக்கும். வெளிச்சுவரை ஒட்டி அலுமாரி வைக்காதீர்கள், கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி மாதக்கணக்கில் திறக்காமலும் விடாதீர்கள். பழைய கடையில் வாங்கிய நூலைச் சில நாள் தனியாக வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தபிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

மன்னனை முடித்துவிட்டால் அடுத்ததாக எஹலேபொலவை எடுங்கள். அதே நான்கு நூல்கள் போதும், புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. மன்னனுக்கு எதிராக ஆங்கிலேயரோடு சேர்ந்தவர், தனக்கு அரியணை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர், 1818 கிளர்ச்சிக்காலத்தில் சந்தேகத்தில் பிடிபட்டவர், 1825இல் மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தவர். முதல் தடவை படித்தபோது மன்னனுக்காகக் கோடு போட்ட பக்கங்களை, இம்முறை வேறு நிறப் பென்சிலோடு திரும்பப் படியுங்கள்.